ஒரே அலமாரியில் மூன்று துரு

நண்பரின் அலமாரியைத் திறந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது துரு அல்ல, வாசனைதான். கீழ் இழுப்பறையிலிருந்து லேசாகக் கற்பூரம் வீசியது. பூச்சிக்கு அந்துருண்டை போட்டிருப்பார் என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வாரம் வீணாய்ப் போனதற்கு அதுவே காரணம்.

சேகரிப்பு பெரியதல்ல. உரிமத்தோடு வைத்திருக்கும் பழைய ராணுவ ரைஃபிள்கள் இரண்டு: ரஷ்யாவின் மோசின்-நாகந்த் 91/30 ஒன்று, பிரிட்டனின் லீ-என்ஃபீல்ட் எண் 1 மார்க் 3 ஸ்டார் ஒன்று. கீழே கத்திகள் ஏழு. தோல் வளையங்களை அடுக்கிப் பிடி போட்ட கா-பார் என்ற அமெரிக்க ராணுவக் கத்தி ஒன்று, பித்தளை முனை வைத்த பக் 110 மடக்குக் கத்தி ஒன்று, பின்லாந்தின் புக்கோ ஒன்று, மான்கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்திகள் மூன்று. ஏழாவது, முத்துச்சிப்பி போல மின்னும் பச்சைப் பிடி கொண்ட பழைய வேட்டைக் கத்தி. வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்குச் செல்லப்பிள்ளை அதுதான், இழுப்பறையின் நடுவே வைத்திருந்தார்.

"தம்பி, நான் எதையும் தப்பாப் பண்ணலையே, இது எப்படி வந்தது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. உள்ளே ஈரப்பதமானி 45 சதவீதம் காட்டியது. சிலிக்கா ஜெல் பைகள் நிறம் மாறாமல் இருந்தன. கத்திகளைத் தோல் உறையில் வைக்கக்கூடாது என்று தெரிந்து, உறைகளைத் தனியாக வைத்திருந்தார். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்தும் வந்தார். ஆனாலும் கத்திகளில் துரு, மோசினின் குழலுக்குள் துரு, என்ஃபீல்டில் மரமும் இரும்பும் சேரும் ஓரத்தில் பழுப்புக் கோடு.

முதல் முடிவு தவறானது

நானும் எல்லோரையும் போலத்தான் சொன்னேன்: ஈரம். மானியில் கோளாறு இருக்கும், சிலிக்காவை மாற்றுங்கள், எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது துடைத்த கத்திகளில் துரு மறுபடி வந்திருந்தது. ரைஃபிள்களின் வெளிப்புறத்தில் புதிதாக ஒரு புள்ளி கூடக் கிடையாது. ஈரம்தான் காரணமென்றால் அது மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கீழே இருப்பதை மட்டும் பிடிக்காது.

இந்த முறை எதையும் தொடுவதற்கு முன்னால் இழுப்பறையை மேலிருந்து படம் எடுத்து, எந்தக் கத்தியில் எந்தப் பக்கம் எவ்வளவு துரு என்று தாளில் குறித்தோம். அரை மணி நேர வேலை. குறித்து முடித்தபோது ஒழுங்கு ஒன்று தெரிந்தது. பச்சைப் பிடிக் கத்திக்கு இரு பக்கமும் இருந்த கா-பாரும் ஒரு மான்கொம்புக் கத்தியும்தான் மோசம். அதற்கு அடுத்தவற்றில் குறைவு, ஓரத்தில் கிடந்த புக்கோவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கா-பாரைத் திருப்பிப் பார்த்தால் பச்சைக் கத்தியைப் பார்த்திருந்த முகத்தில் ஆரஞ்சுப் பொடி, மறுமுகம் சுத்தம். பக் 110-இன் அலகு துருவுக்கு எளிதில் அசையாத ரகம், அதற்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் அதன் பித்தளை முனையில் களிம்பு ஏறியிருந்தது.

அப்போதுதான் கற்பூரம் நினைவுக்கு வந்தது. "அந்துருண்டை போட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். பச்சைப் பிடியை மூக்கருகே கொண்டுபோனேன். கற்பூரம், அதற்கு அடியில் மூக்கைக் குத்தும் ஒரு காரநெடி.

செல்லுலாய்ட். 1870 வாக்கில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் காப்புரிமை எடுத்த பழைய பிளாஸ்டிக் இது. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்தது. தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி எதைப் போல வேண்டுமானாலும் தோன்றும் என்பதால் கத்திப் பிடிகளுக்கு நிறையப் பயன்பட்டது. மேசைப்பந்து கூட 2014 வாக்கு வரைக்கும் பெரும்பாலும் இதில்தான் செய்யப்பட்டது. வயதாகும்போது இது தானாகவே சிதைகிறது. சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடுகிறது, அவை காற்றிலுள்ள கொஞ்ச ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகின்றன. அந்த அமிலம் பக்கத்துக் கத்தியை அரிப்பதோடு நிற்பதில்லை, செல்லுலாய்டையும் இன்னும் வேகமாகச் சிதைக்கிறது. மூடிய இழுப்பறையில் வாயு வெளியே போகவும் வழி கிடையாது. அதாவது அவர் எவ்வளவு இறுக்கி மூடினாரோ அவ்வளவுக்கு நிலைமை மோசமானது.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பிடி முழுக்க மயிரிழை போல வெடிப்புகள் இருந்தன, ஒரு முனையில் பச்சை மங்கி மஞ்சளாகியிருந்தது. பித்தளை ஆணிகளைச் சுற்றிக் களிம்பு வட்டம். தொட்டால் லேசான பிசுபிசுப்பு, வியர்த்த கை மாதிரி.

ஜாடிச் சோதனை

சந்தேகம் மட்டும் போதாது, ஏனென்றால் அந்த அலமாரி ஓக் மரம். ஓக் மரமும் அசிட்டிக் அமில வாயு விடும். ஈயப் பொருள்களை ஓக் பெட்டியில் வைக்கக்கூடாது என்பது அருங்காட்சியகங்களில் பழகிப்போன பாடம். காட்சிப் பெட்டிக்கான பொருள்களைச் சோதிக்க பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி 1973-இல் ஒரு முறையை வகுத்தார். சோதிக்கும் பொருளை வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு குழாயில் அடைத்து, ஈரத்தோடு 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். நாங்கள் செய்தது அதன் ஏழை வடிவம்.

மூடி இறுகும் கண்ணாடி ஜாடிகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் கழுவிய புது இரும்பாணி ஒன்று, பித்தளைத் திருகாணி ஒன்று, மூலையில் நனைத்த பஞ்சு. முதல் ஜாடியில் வேறு எதுவும் இல்லை. இரண்டாவதில் பச்சைப் பிடியிலிருந்து தானாக உதிர்ந்த நகக்கண் அளவு சில்லு. மூன்றாவதில் அலமாரியின் பின்புறம் சுரண்டிய ஓக் சீவல், நான்காவதில் தோல் உறையின் துண்டு, ஐந்தாவதில் இழுப்பறைக்கு அடியில் விரித்திருந்த நுரைப்பஞ்சு.

இரண்டாவது ஜாடியில் நான்காம் நாளே ஆணி சிவந்துவிட்டது. பத்தாம் நாள் திருகாணி பச்சை. மூன்று வார முடிவில் ஓக் ஜாடியின் ஆணி மங்கிச் சில இடங்களில் கறை கண்டிருந்தது. தோல் ஜாடியில் இரும்புக்கு அதிகம் ஆகவில்லை, ஆனால் பித்தளை தோலைத் தொட்ட இடத்தில் மெழுகு போலப் பச்சை. தோலுக்குப் போடும் எண்ணெயும் பித்தளையிலுள்ள செம்பும் சேர்ந்தால் வருவது அது. காலி ஜாடியும் நுரைப்பஞ்சு ஜாடியும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தன. குற்றவாளி யார் என்பதில் அதற்குப் பிறகு பேச்சில்லை. ஓக் மரத்தையும் மன்னிக்கவில்லை, இழுப்பறையின் உட்பக்கத்தை அலுமினியத் தகட்டால் மூடினோம்.

கத்திகளுக்குச் செய்தது

பச்சைக் கத்தியை அன்றே வெளியே எடுத்தோம். பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுவதுதான் கை தானாகச் செய்யும் வேலை. செய்யக்கூடாது, வாயு உள்ளேயே தங்கிச் சிதைவு வேகமாகும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், வெயில் படாத குளிர்ந்த அறையில், மற்ற இரும்புகளிலிருந்து விலக்கி வைத்தோம். செல்லுலாய்ட் தீயை மிக எளிதில் பிடிக்கும், ஆகவே அடுப்பு, விளக்கு, ஹீட்டர் இருக்கும் பக்கமே கொண்டுபோகக்கூடாது. அவருக்கு மனசு கேட்கவில்லைதான். பிடியை மாற்றிவிடலாமா என்று கேட்டார். மாற்றினால் அது வேறு கத்தி என்றேன். எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்து, அளவு குறித்து வைத்தோம். அது போகும் காலத்தில் போகட்டும்.

மற்றவற்றுக்கு எண்ணெய் போடுவதற்கு முன்னால் அமிலத்தை நீக்க வேண்டும். முதல் முறை நாங்கள் விட்டது இதைத்தான். அமிலத்தின் மேல் எண்ணெய் பூசினால் அமிலத்துக்குப் போர்வை போர்த்தினது போல. தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அலகை மட்டும் துடைத்தோம். பிறகு நல்ல தண்ணீர்த் துணி, பிறகு ஸ்பிரிட், பிறகு காயவிடல். கா-பாரின் தோல் பிடியில் ஒரு சொட்டு ஈரமும் படவிடவில்லை. தோல் வளையங்கள் நீரைக் குடித்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு கண்ணுக்குத் தெரியாமல் துருவேறும்.

துருவை எடுக்க, எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டுப் பழைய செம்புக் காசின் விளிம்பால் சுரண்டினோம். செம்பு எஃகைவிட மென்மை, துருவைப் பெயர்க்கும், எஃகைக் கீறாது. காசை முதலில் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு. ஆரஞ்சுப் பொடியெல்லாம் வந்துவிட்டது. அதற்கு அடியில் சில இடங்களில் குண்டூசி முனை அளவு குழிகள். அவற்றை உப்புத்தாள் போட்டு இழைத்துவிடலாமே என்று அவர் கேட்டபோது மறுத்துவிட்டேன். குழியை மறைக்க அலகு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இழைக்க வேண்டும், அதில் தயாரிப்பாளர் முத்திரை முதலில் போகும். சாம்பல் நிறத்தில் படிந்திருந்த பழைய படலத்தையும் விட்டுவிட்டோம். அது துரு அல்ல, கார்பன் எஃகின் வயது.

மேலே மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிதாக. எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், தூசியையும் இழுக்கும். மெழுகு நிற்கும். WD-40 பற்றிக் கேட்பவர்களுக்கு: அது தண்ணீரை விரட்டப் பிறந்த திரவம், மாதக்கணக்கில் காவல் இருக்க அல்ல.

ஒரு மான்கொம்புப் பிடியில் வெடிப்பு இருந்தது. அதற்கும் அமிலத்துக்கும் தொடர்பில்லை. முந்தைய ஆண்டு சிலிக்கா ஜெல்லை அளவுக்கு மீறிக் குவித்து இழுப்பறையை எலும்பாகக் காயவைத்திருக்கிறார். இரும்புக்கு வறட்சி நல்லதுதான், கொம்புக்கும் மரத்துக்கும் அல்ல. 45-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிறுத்துவது இரண்டு கட்சிக்கும் ஒத்துவரும்.

மோசின்: உப்பு

இரண்டு ரைஃபிள்களிலும் வேலை தொடங்குமுன் தோட்டா அறையையும் தோட்டாப் பெட்டியையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவி, காலி என்று இருவரும் தனித்தனியே உறுதி செய்தோம். தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றித் தனியாக வைத்தோம். நூறாண்டுப் பொருளானாலும் துப்பாக்கி துப்பாக்கிதான்.

மோசினின் வெளிப்புறம் பளிச்சென்றிருந்தது. பளிச்சென்று இருந்ததுதான் எனக்கு வருத்தம். முன்பு வைத்திருந்தவர் யாரோ போல்ட்டை மெருகேற்றி, துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்த பழைய அரக்குப் பூச்சை இழைத்தெடுத்து வார்னிஷ் அடித்திருந்தார். ஆயுதக் கிடங்கின் முத்திரைகள் மரத்தில் நிழலாகத்தான் தெரிந்தன. அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை.

குழலுக்குள் விளக்கு பிடித்தால் முழு நீளத்துக்கும் பழுப்பு. விசாரித்தபோது கதை வந்தது. சில மாதம் முன்பு, மழைக்காலத்தில், சுடுதளத்தில் பழைய ராணுவ இருப்புத் தோட்டா இருபது சுட்டிருக்கிறார். அன்று மாலையே குழலில் எண்ணெய்த் துணி இழுத்து, கான்வாஸ் உறையில் போட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் அலமாரிக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது அடிபட்டதும் தீப்பொறி விடும் அடிமூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். சாப்பாட்டு உப்புக்கு உடன்பிறப்பு, மழைக்காற்றில் ஈரத்தை இழுக்கும். உப்பு எண்ணெயில் கரையாது. அவர் செய்தது, உப்பைக் கழுவாமல் அதன் மேல் எண்ணெய் தடவினது. பிரிட்டிஷ் ராணுவத்தில் சுட்ட பிறகு புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றும் வழக்கம் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

நாங்களும் புனல் வைத்தோம். இரண்டு கெட்டில் கொதிநீர், பின்பக்கத்திலிருந்து. குழல் சூடேறிவிடுவதால் ஈரம் தானே ஆவியாகும், மீதியைத் துணி பார்த்துக்கொள்ளும். போல்ட்டின் முகப்பையும் பிரைமரை அடிக்கும் ஊசியையும் கூடக் கழுவினோம், உப்பு அங்கேயும் உட்கார்ந்திருக்கும். பிறகு கரைப்பான், வெண்கலப் பிரஷ். பிரஷ்ஷை எப்போதும் பின்பக்கமிருந்தே செலுத்த வேண்டும். குழல்வாயிலிருந்து கம்பியைக் குத்திக் குத்தி விளிம்பைத் தேய்த்தால் குறி கெடும். சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்த பல மோசின்களின் குழல்வாயை உள்ளே கொஞ்ச ஆழத்துக்குக் குடைந்து அகலமாக்கியிருப்பார்கள், தேய்ந்த விளிம்பைத் தாண்டிச் சுழல்வரி (குண்டைச் சுழலவைக்கும் உள்வரி) புதிதாகத் தொடங்கட்டும் என்று. இதுவும் அப்படிப்பட்டது.

முதல் துணி காப்பிக்கொட்டை நிறத்தில் வந்தது. இருபதாவது துணி வெள்ளை. சுழல்வரிகளின் விளிம்பு கூர்மையாகத்தான் இருந்தது, ஆனால் உலோகத்தின் முகம் பனிபடர்ந்த கண்ணாடி போல மங்கியிருந்தது. அது இனி அப்படியேதான் இருக்கும்.

என்ஃபீல்ட்: ஆவி

இதன் பின்கட்டைக் கழுத்திலுள்ள உலோகத்தில் கிரீடமும் ENFIELD 1917 என்ற எழுத்தும் தெளிவாக இருந்தன. கட்டையில் பழைய கீறல், வடு எல்லாம். நண்பர் அதைத்தான் 'சரி' செய்யப் பார்த்திருக்கிறார். நனைத்த துணியைப் பள்ளத்தின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஆவி ஏறி மர நார்கள் உப்பி மேலெழும். நல்ல உத்திதான். ஆனால் குழலைக் கழற்றாமல் செய்துவிட்டார். ஆவி மரத்தில் ஏறி, குழல் படுத்திருக்கும் பள்ளத்தில் தண்ணீராகத் தங்கியது. வெளியே தெரிந்த பழுப்புக் கோடு அதன் ஓரம் மட்டும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இந்த ரகத்தில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்பகுதிக்குள் நுழைந்து நிற்கும். முன்கட்டையை எடுக்காமல் அந்த போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை. எங்களுக்குப் பின்கட்டையைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

முன்கட்டை இறங்கியதும் குழலின் அடிவயிறு முழுக்க இளந்துரு. எண்ணெயும் வெண்கலப் பஞ்சும் போதுமானதாக இருந்தன. உள்ளே கண்ணில் படாத இடம் என்பதால் மெழுகைக் கொஞ்சம் தாராளமாகவே பூசினோம். மரத்தை இரண்டு வாரம் நிழலில் காயவிட்டு, சூடாக்காத பச்சை ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்தோம், இந்த ரைஃபிளுக்கு அந்தக் காலத்தில் போட்டதும் அதுதான். சில சொட்டு போதும், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் நாள்கணக்கில் இடைவெளி விட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் விடும், சுருண்ட துணி தானாகத் தீப்பற்றும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டுவிட்டோம்.

பித்தளை அடித்தகட்டின் சிறு கதவைத் திறந்தால் உள்ளே எண்ணெய்க் குப்பி இருந்தது, மூடி களிம்பேறி இறுகியிருந்தது. கூடவே குழல் துடைக்கும் கயிறு, தொட்டதும் நார் நாராக உதிர்ந்தது. அவர் குப்பியைப் பளபளப்பாக்க பாலிஷ் எடுத்தார். நான் அவர் கையைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பாலிஷை மூடி வைத்தார்.

ஆறு மாதம் கழித்து

கத்தி இழுப்பறையில் இப்போது கற்பூர வாசனை இல்லை. அதன் இரு மூலையிலும், ரைஃபிள் பக்கத்தில் ஒன்றுமாக, ஸ்பிரிட்டில் கழுவிய புது ஆணிகள் மூன்று வைத்திருக்கிறோம். எண்ணெய், மெழுகு எதுவும் பூசாத ஆணி என்பதால் கெட்ட காற்று முதலில் அதைத்தான் பிடிக்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். ஆறு மாதத்தில் ஓர் ஆணி மட்டும் கொஞ்சம் மங்கியது. அது ஓக் பலகை தெரியும் மூலை, தகடு சரியாகப் படியாத இடம். தகட்டை மறுபடி ஒட்டினோம்.

பச்சைக் கத்தியின் பிடியில் இன்னும் இரண்டு சில்லுகள் உதிர்ந்துவிட்டன. மோசினில் அதன் பிறகு சுடவில்லை.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். தந்தம் போல வெளுத்த பிடி, அதில் மெல்லிய வரிகள், பழைய வேட்டைக் கத்தி, நல்ல நிலையில். "வாங்கலாமா தம்பி?" என்று கேட்டிருந்தார். மோந்து பார்த்தீர்களா என்று மட்டும் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.